சாயம் போன இடத்தைப் பாருங்கள்: டை அடித்த முடி மங்கினால் காரணம் கண்டு சரிசெய்யும் வழி

“கலர் நிக்கவே மாட்டேங்குது” என்று சொல்லிக்கொண்டுதான் பார்லரில் என் நாற்காலியில் வந்து உட்காருவார்கள். எங்கே நிற்கவில்லை என்று கேட்டால் பதில் வராது. எல்லாம்தான் என்பார்கள். முடியைப் பிரித்துப் பார்த்தால் பின்கழுத்துப் பக்கம் போன மாதம் நான் அடித்த நிறம் அப்படியே இருக்கும், முன்னால் மட்டும் வெளுத்திருக்கும். இல்லையென்றால் நுனி மட்டும். சிலருக்கு நிறம் போகவே போயிருக்காது, மேலே ஏதோ படிந்து மூடியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. ஒன்றுக்கு வாங்கிய ஷாம்புவை இன்னொன்றுக்குப் போட்டால் காசும் போகும், நிறமும் போகும்.

அதனால் எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. பகலில், விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலோரம் நின்று நான்கு இடங்களைப் போட்டோ எடுங்கள்: வகிடு, காதோரம், பின்கழுத்தில் உள் அடுக்கு, நுனி. குளியலறையின் மஞ்சள் விளக்கில் எல்லா முடியும் செம்பட்டையாகத்தான் தெரியும், அங்கே நின்று முடிவெடுக்க வேண்டாம். பின்கழுத்தின் உள் அடுக்குதான் உங்கள் அளவுகோல். வெயில் படாது, முடியை நேராக்கும் அயர்ன் அதிகம் படாது. மற்ற மூன்று இடங்களையும் அதோடு ஒப்பிடுங்கள். அங்கேயே மங்கியிருந்தால் காரணம் குளியலறையில் இருக்கிறது. அங்கே நன்றாக இருந்து மற்ற இடம் மட்டும் போயிருந்தால் வெளியே தேட வேண்டும்.

உங்கள் போட்டோவோடு ஒத்துப்போகிற தலைப்பை மட்டும் படித்தாலும் போதும்.

எல்லா இடமும் ஒரே சீராக, சீக்கிரமே மங்கிவிட்டது

முதல் கேள்வி, அடித்தது என்ன வகை? பெர்மனென்ட் என்றால், அமோனியாவோ அதற்கு மாற்றான எத்தனாலமைனோ முடியின் மேல்செதில்களை உப்பவைத்துத் திறக்கும். பெராக்சைடு உள்ளே போய், நிறமே இல்லாத சின்னச் சின்ன மூலக்கூறுகளை ஒன்றோடொன்று சேர்த்து, நிறமுள்ள பெரிய மூலக்கூறாக்கும். வாய் குறுகிய குடத்துக்குள் பலூனை விட்டு உள்ளேயே ஊதிய மாதிரி. போன வழியில் சுலபமாகத் திரும்பி வராது. செமி பெர்மனென்ட்டில் இந்த வேலை எதுவும் கிடையாது. பாட்டிலில் இருக்கும் நிறம் அப்படியே முடியின் வெளி அடுக்கில் ஒட்டி உட்காரும், 4 முதல் 12 தடவை தலைக்குக் குளித்தால் கிளம்பிவிடும். டெமி பெர்மனென்ட் இரண்டுக்கும் நடுவில்: பெராக்சைடு குறைவு, சுமார் 24 தடவை தாங்கும்.

இப்போது கணக்குப் போடுங்கள். பார்லருக்குப் போகும் இடைவெளி ஆறு வாரம் என்று வைத்துக்கொள்வோம். தினமும் தலைக்குக் குளிப்பவருக்கு அது 42 தடவை. வாரம் இரண்டு முறை குளிப்பவருக்கு 12. ஒரே டியூபிலிருந்து பிதுக்கி அடித்த ஒரே டெமி, முதல் ஆளுக்கு நான்காவது வாரத்திலேயே தீர்ந்திருக்கும், இரண்டாவது ஆளுக்குப் பாதிதான் செலவாகியிருக்கும். டையைத் திட்டி என்ன பயன்?

ஷாம்புவையும்தான் எல்லோரும் திட்டுகிறார்கள். நுரை தருகிற சல்ஃபேட் இருக்கிறதா என்று பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் நிறத்தை வெளியே கூட்டிப்போவதில் பெரிய பங்கு வெறும் தண்ணீருக்கு. நனைந்த முடி தன் பருமனில் ஏறத்தாழ 15 சதவீதம் உப்பும். உப்பும்போது செதில்கள் எழும்பும், அந்தச் சந்துகள் வழியாக நிறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து இறங்கும். தண்ணீர் சூடாக இருந்தால் இன்னும் வேகமாக இறங்கும். சல்ஃபேட் இல்லாத விலையுயர்ந்த ஷாம்புவைப் போட்டுவிட்டு, தினமும் வெந்நீரில் பத்து நிமிடம் தலையைக் காட்டிக்கொண்டு நிற்பவரைவிட, சாதாரண ஷாம்புவை வாரம் இரண்டு முறை வெதுவெதுப்பான தண்ணீரில் போடுபவருக்கு நிறம் நிற்கும். என் நாற்காலியில் திரும்பத் திரும்பப் பார்த்தது இது.

எனவே இந்த வரிசையில் முயலுங்கள். ஒன்றைச் செய்து, இரண்டு வாரம் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமலே போய்விடும்.

1. தலைக்குக் குளிக்கும் எண்ணிக்கையைக் குறையுங்கள். மற்ற நாட்களில் குளியல் தொப்பி. வேர் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் டிரை ஷாம்பு. கறுப்பு முடியில் அது சுண்ணாம்பு பூசியது போல் நிற்கும், அதனால் பழுப்பு நிறம் கலந்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

2. தண்ணீரின் சூட்டை இறக்குங்கள். மணிக்கட்டில் விட்டால் சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. கடைசியில் ஐஸ் தண்ணீர் விட்டால் செதில் மூடிக்கொள்ளும் என்று ஒரு பேச்சு உண்டு. செதில்களை மூடுவதும் திறப்பதும் பெரும்பாலும் அமில காரத்தன்மைதான். குளிர்ந்த தண்ணீர் வெந்நீர் செய்யும் சேதத்தைச் செய்யாது, அவ்வளவுதான். பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்க வேண்டிய அவசியம் இல்லை.

3. ஷாம்புவை மண்டைத்தோலில் மட்டும் தேயுங்கள். நுனிக்கு, அலசும்போது வழிந்து இறங்குகிற நுரையே அதிகம். நிறமேற்றிய முடிக்கானது என்று போட்டிருக்கும், பிஎச் (அமில காரத்தன்மையின் அளவு) 5.5 அல்லது அதற்குக் கீழே உள்ள ஷாம்பு நல்லது.

4. ஷாம்பு போட்ட ஒவ்வொரு முறையும் கண்டிஷனர். இது அழகுக்காக அல்ல. கண்டிஷனர் இலேசாக அமிலத்தன்மை கொண்டது, எழும்பிய செதில்களைப் படியவைக்கிறது. இதற்கென்று தனியாக வினிகர் கலக்க வேண்டியதில்லை. சமையல் சோடா பக்கமே போகாதீர்கள், அது காரம்.

5. இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால், தலைக்குக் குளிப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் நடுமுடியிலிருந்து நுனிவரை கொஞ்சம் தேங்காய் எண்ணெய். அது முடிக்குள்ளேயே புகக்கூடியது, முடி தண்ணீரை உறிஞ்சுவதைக் குறைக்கும். ஆனால் புதிதாக அடித்த செமி நிறத்தின்மேல் வேண்டாம். எண்ணெய் அதை இளக்கிவிடும்.

டை அடித்துவிட்டு இரண்டு மூன்று நாள் தலைக்குக் குளிக்காதீர்கள் என்று எல்லாப் பார்லரிலும் சொல்வோம். நானும் சொல்கிறேன். பெர்மனென்ட்டில் நிறம் உருவாகும் வேலை அலசும்போதே பெரும்பாலும் முடிந்துவிடும். ஆனாலும் உப்பிய முடி தன் நிலைக்குத் திரும்ப நேரம் கொடுப்பது நல்லதுதான். அவசரமாக மறுநாள் குளித்துவிட்டேனே என்று அழுகிற அளவுக்கு ஒன்றும் ஆகிவிடாது.

பொடுகு ஷாம்பு போடுகிறீர்களா? அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். செலினியம் சல்ஃபைடு, கீட்டோகோனசோல் உள்ள ஷாம்புகளின் லேபிளிலேயே, நிறமேற்றிய முடியின் நிறம் மாறலாம் என்று எச்சரித்திருப்பார்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்தது என்றால் நிறுத்த வேண்டாம். டை அடித்தது அவருக்குத் தெரியட்டும், மாற்று உண்டா என்று கேளுங்கள். மண்டையில் மட்டும் தேய்த்து, முடியின் நீளத்தில் முன்கூட்டியே கண்டிஷனர் பூசி மறைத்துவிட்டு அலசினால் பாதிப்பு குறையும்.

வேர்ப்பக்கம் நன்றாக இருக்கிறது, நுனி மட்டும் வெளுத்துவிட்டது

முடி மாதம் ஒன்றுக்குச் சுமார் 1 முதல் 1.25 சென்டிமீட்டர் வளரும். வேரிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் நுனிக்கு, அப்படியானால், இரண்டு முதல் இரண்டரை வயது. அத்தனை காலத்துச் சீப்பு, அத்தனை டை, அத்தனை அயர்ன், எல்லாவற்றையும் பட்டு அனுபவித்த முடி அது. அதையும் வேரில் இருக்கும் ஒரு மாதக் குழந்தையையும் ஒரே மாதிரி நிறம் பிடிக்கச் சொன்னால் எப்படி?

புதிய முடியின் மேல் ஒரு மெல்லிய கொழுப்புப் படலம் உண்டு. அதனால்தான் புதிய முடியில் தண்ணீர் சட்டென்று ஒட்டாது, வழுக்கி ஓடும். காரமான டையும் ப்ளீச்சும் முதலில் கழற்றுவது இந்தப் படலத்தைத்தான். ஒருமுறை போனால் அது திரும்ப முளைக்காது. இதை நீங்களே பார்க்கலாம். காய்ந்த முடிக்கற்றை ஒன்றைப் பிரித்து, விரலால் ஒரு சொட்டுத் தண்ணீரை வேர்ப்பக்கம் வையுங்கள், இன்னொரு சொட்டை நுனியில் வையுங்கள். வேர்ப்பக்கத்துச் சொட்டு உருண்டையாகக் கொஞ்ச நேரம் நிற்கும். நுனியில் வைத்தது கண் முன்னாலேயே உள்ளே இழுக்கப்படும். முடியைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்ப்பதைவிட இது நம்பகமானது. பூசிய சீரம் மாற்றிக் காட்டக்கூடும் என்பதால், தலைக்குக் குளித்து, எதுவும் பூசாமல் காயவைத்த முடியில் செய்யுங்கள்.

நுனி இப்படி உறிஞ்சினால், அதற்குத் தேவை நிறத்தைவிட முதலில் ஒரு போர்வை. டைமெதிகோன், அமோடைமெதிகோன் போன்ற சிலிகோன் உள்ள கண்டிஷனரும், கழுவாமல் விடும் கிரீமும் இதைச் செய்யும். சிலிகோன் என்றாலே முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். போன படலத்துக்குப் பதில் ஒரு படலம் என்கிற அளவில், டை அடித்த நுனிக்கு இதைவிட எளிய உதவி எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது அயர்ன். சில கருவிகள் 230 டிகிரி செல்சியஸ் வரை போகும். போகும் என்பதற்காகப் போக வேண்டியதில்லை. டை அடித்த முடிக்கு 180 டிகிரியைத் தாண்டாதீர்கள், ஒரே கற்றையில் ஐந்தாறு தடவை இழுக்காதீர்கள், ஈரமுடியில் வைக்கவே வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகிக் கொப்பளித்தால் முடியே உடையும். அயர்னைச் சூடாக்கி ஒரு கற்றையில் இழுத்துவிட்டு, இழுக்காத பக்கத்துக் கற்றையோடு சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். அந்த நிமிடமே நிறம் வித்தியாசமாகத் தெரிந்தால் சூடு அதிகம்.

நிறத்தை மீட்க, நிறம் ஏற்றும் கண்டிஷனரை வாரம் ஒருமுறை நுனியில் மட்டும் பூசலாம். உங்கள் நிறத்தைவிட ஒரு படி வெளிர்ந்ததாக எடுங்கள். உறிஞ்சுகிற நுனி எதையும் இரட்டிப்பாகப் பிடிக்கும்.

வீட்டிலேயே பெர்மனென்ட் டையை நுனிவரை இழுத்து அடித்துச் சரிசெய்யலாம் என்று தோன்றும். மாதம் ஒருமுறை அப்படிச் செய்தால் அந்த 30 சென்டிமீட்டர் நுனி இருபது தடவைக்கு மேல் டை குடித்திருக்கும். முதலில் கன்னங்கரேலென்று ஒளியே இல்லாமல் கறுக்கும், பிறகு இன்னும் வேகமாக வெளுக்கும். வேரில் பெர்மனென்ட், நீளத்துக்கு டெமி என்று பிரித்து அடிக்கச் சொல்லிப் பார்லரில் கேளுங்கள். சிரமம் கொஞ்சம் கூடுதல் என்பதால், கேட்காவிட்டால் எல்லோரும் செய்ய மாட்டார்கள்.

செம்பட்டை அடிக்கிறது

இதுதான் அதிகம் வரும் புகார், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். நிறம் போய்விட்டது என்கிறார்கள். பாதி உண்மை. டை போன பிறகு தெரிகிற அந்தச் செம்பு நிறம், டையின் மிச்சம் அல்ல, உங்கள் சொந்த முடியின் அடித்தளம். பெராக்சைடு டையை உருவாக்குகிற நேரத்திலேயே உங்கள் இயற்கைக் கறுப்பையும் கொஞ்சம் கரைக்கிறது. கறுப்புப் பழுப்பு நிறமி முதலில் கரையும், செம்மஞ்சள் நிறமி பிடிவாதமாக நிற்கும். மேலே டை இருக்கும்வரை அது மூடியிருக்கும். டை இறங்க இறங்க, தரை வெளியே தெரிகிறது. சாயம் வெளுத்துப்போச்சு என்று நாம் வேறு இடத்தில் சொல்கிற அர்த்தம் இங்கேயும் அச்சாகப் பொருந்துகிறது.

எவ்வளவு வெளிறவைத்தோமோ அதைப் பொறுத்து அந்தத் தரையின் நிறம் மாறும். கொஞ்சமாக வெளிறினால் சிவப்பு, இன்னும் போனால் ஆரஞ்சு, அதற்கும் மேலே மஞ்சள். இதை மட்டுப்படுத்த எதிர் நிறம் வேண்டும். மஞ்சளுக்கு ஊதா. ஆரஞ்சுக்கு நீலம். சிவப்புக்குப் பச்சை. கடையில் போய் ஊதா ஷாம்பு என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டு வாங்குவதில்தான் கோளாறு தொடங்குகிறது. பழுப்பு முடியில் வரும் செம்பட்டை பெரும்பாலும் ஆரஞ்சு. அதற்கு ஊதா ஒன்றும் செய்யாது, நீலம் வேண்டும். ஜன்னலோரம் எடுத்த போட்டோவில் நுனியைப் பெரிதாக்கிப் பாருங்கள். மஞ்சளா, ஆரஞ்சா என்று நேரிலேயே தெரியும்.

இதற்கு ஒரு வரம்பும் இருக்கிறது. இந்த ஷாம்புகள் மெல்லிய நிறத்தை மேலே தடவுகின்றன, அவ்வளவுதான். அடியில் வெளிர் நிறம் இருந்தால் அது தெரியும். கறுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் கரும்பழுப்பில் வெயிலில் மட்டும் ஒரு சிவப்புப் பளபளப்பு தெரிகிறது என்றால், எந்த வண்ண ஷாம்புவும் அதைப் பெரிதாக மாற்றாது. அங்கே பார்லரில் டெமி டோனர், அதாவது சாயலை மட்டும் திருத்தும் டெமி நிறம், அடிப்பதே வழி.

போடும் முறை: ஷாம்பு போடும் எல்லா நாளும் வேண்டாம், வாரம் ஒருமுறை போதும். ஈரமுடியில் தேய்த்து முதல் தடவை 2 நிமிடம். போதவில்லையென்றால் அடுத்த வாரம் 4 நிமிடம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், நகக்கண்ணில் ஏறினால் இரண்டு நாள் நிற்கும்.

நிமிடத்தை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் தலையிலேயே நடந்தது. முன்னால் ஒரு கற்றையை வெளிர் மஞ்சளுக்கு எடுத்து வைத்திருந்தேன். ஊதா ஷாம்புவைப் பூசிக்கொண்டு உட்கார்ந்த நேரத்தில் போன் வந்தது. அக்காவின் போன், அது எப்போது இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கிறது? அலசிவிட்டுக் கண்ணாடி பார்த்தால், கற்றையின் மேல்பாதி அழகான வெள்ளிநிறம், கீழ்ப்பாதி நாவல்பழக் கறை. மறுநாள் வேலைக்குப் போனபோது வந்தவர்கள் எல்லாம் அது புது ஸ்டைல் என்று நினைத்து, எனக்கும் இதேபோல் என்று கேட்டார்கள். சாதாரண ஷாம்புவை இரண்டு மூன்று தடவை போட்டதில் இறங்கிவிட்டது. உங்களுக்கும் இப்படி ஆனால் பதறாதீர்கள், ப்ளீச் எடுக்காதீர்கள், அலசினால் போய்விடும்.

அடுத்த முறை செம்பட்டை குறைய வேண்டுமென்றால் பார்லரில் டெவலப்பரைப் பற்றி, அதாவது டையோடு கலக்கும் பெராக்சைடைப் பற்றி, பேசுங்கள். 20 வால்யூம் என்றால் 6 சதவீதப் பெராக்சைடு, 10 வால்யூம் என்றால் 3 சதவீதம். நரையை மறைக்க வேரில் 20 தேவைப்படும். ஏற்கெனவே கறுப்பாக இருக்கும் நீளத்துக்கும் அதே 20ஐ இழுத்தால், தேவையே இல்லாமல் அடித்தளத்தை வெளிறவைத்து, ஒரு மாதம் கழித்து வரப்போகும் செம்பட்டையை இன்றே விதைக்கிறோம். அமோனியா இல்லாத டை என்பதற்காக இந்தப் பிரச்சினை வராது என்று நம்பாதீர்கள். அதிலும் ஒரு காரம் இருக்கிறது, பெராக்சைடும் இருக்கிறது. வாசனைதான் குறைவு.

வகிட்டிலும் காதோரத்திலும் நரை தெரிகிறது

இது மங்கலா, வளர்ச்சியா என்று முதலில் பிரியுங்கள். வகிட்டைப் பிரித்துப் போனில் பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளை நிறம் மண்டைத்தோலில் தொடங்கி, ஒரு கோடு போட்டது போல் ஓரிடத்தில் நின்று, அதற்கு மேல் நிறம் இருந்தால் அது புது வளர்ச்சி. எந்த ஷாம்புவும் இதைத் தடுக்காது. அடுத்த முறை வரை வேருக்கான ஸ்ப்ரேயோ பவுடரோ குச்சியோ போட்டு மறைக்கலாம். ஸ்ப்ரே காலரில் படியலாம். வகிட்டை நேர்கோடாக எடுக்காமல் வளைத்து எடுத்தால் பாதி வேலை முடிந்தது.

ஒரு முழு முடி, வேரிலிருந்து நீளம்வரை வெள்ளையாகவே நின்றால் அங்கே டை பிடிக்கவே இல்லை, அல்லது பிடித்து அலசலில் போய்விட்டது. காதோர நரை பெரும்பாலும் இப்படித்தான். அது மொரமொரப்பாக, செதில்கள் இறுக்கமாக இருக்கும். சாயம் உள்ளே போக நேரம் எடுக்கும். வீட்டில் அடிப்பவர்கள் உச்சியில் தொடங்கி, கை ஓய்ந்தபிறகு கடைசியாகக் காதோரத்துக்கு வருவார்கள். அங்கே தொடங்குங்கள். நன்றாகத் தடிமனாகப் பூசுங்கள், பெட்டியில் போட்டிருக்கும் முழு நேரமும் வையுங்கள். கறை பிடிக்காமல் இருக்க நெற்றியோரம் தடவும் வாசலின் முடியின்மேல் ஏறினால், அந்த இடம் நிறம் பிடிக்காது. நுனிவிரலால் தோலில் மட்டும் தடவ வேண்டும்.

முன்பக்கமும் மேல்பரப்பும் மட்டும் வெளுத்திருக்கிறது

பின்கழுத்து உள் அடுக்கு நன்றாக இருக்கும்போது மேல் அடுக்கு வெளுத்தால் வெயில். புற ஊதாக் கதிர் டையையும் சிதைக்கும், அடியில் இருக்கும் இயற்கை நிறமியையும் சிதைக்கும். துப்பட்டா, தொப்பி, குடை எது கைக்கு வருகிறதோ அது. ஸ்ப்ரேக்களைவிடத் துணி நம்பகமானது.

நெற்றியோரம் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு வெளுத்தால் வெயிலை விட்டுவிடுங்கள். முகத்துக்கு என்ன போடுகிறீர்கள் என்று பாருங்கள். பருவுக்கான கிரீம்களிலும் ஃபேஸ்வாஷ்களிலும் பென்சாயில் பெராக்சைடு இருக்கும். பெயரிலேயே பெராக்சைடு. முடியையும் வெளுக்கும், தலையணை உறையையும் வெளுக்கும். டை ஒத்துக்கொள்ளவில்லை என்று மூன்று மாதமாக நிறம் மாற்றிக்கொண்டே இருந்த ஒரு பெண்ணிடம், தலையணை உறையில் வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று கேட்டேன். ஆமாம், எல்லா உறையிலும் என்றாள். இரவில் முடியைப் பின்னால் வாரிக் கட்டி, ஒரு ஹேர்பேண்ட் போட்டுக்கொண்டு, கிரீம் காய்ந்த பிறகு படுக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு பழைய நிறமே நின்றது.

பச்சையாகத் தெரிகிறது

வெளிர் நிற முடியில்தான் இது கண்ணில் படும். நீச்சல் குளத்துக்குப் போகிறவர் என்றால் காரணம் செம்பு. தண்ணீரில் கரைந்திருக்கும் செம்பு முடியில் படிகிறது, குளோரின் அதற்குத் துணைபோகிறது. குளத்தில் இறங்கும் முன் நல்ல தண்ணீரில் முடியை முழுதாக நனைத்து, கண்டிஷனர் தடவி, தொப்பி போடுங்கள். ஏற்கெனவே நனைந்த முடி குளத்துத் தண்ணீரைக் குறைவாகவே குடிக்கும். கரையேறிய உடனே அலசுங்கள். வந்த பச்சையைப் போக்க, உலோகங்களைப் பிடித்து இழுக்கும் இடிடிஏ உள்ள ஷாம்பு. அது நிறத்தையும் கொஞ்சம் இழுக்கும் என்பதால் ஒருமுறை போட்டு நிறுத்திப் பாருங்கள்.

குளமே இல்லாமல் பச்சை வந்தால் கணக்கு வேறு. மஞ்சள் அடித்தளத்தின்மேல் நீலமோ சாம்பல் நிறமோ அடித்திருப்பீர்கள். மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் என்ன வரும்? வீட்டில் இதன்மேல் இன்னொரு டை போடாதீர்கள். இதைப் பார்லரில் சரிசெய்வதுதான் நல்லது.

நிறம் இருக்கிறது, ஆனால் பொலிவே இல்லை

தொட்டால் மெழுகு பூசியது போலவோ, சொரசொரவென்றோ இருக்கும். குழாய் வாயைப் பாருங்கள். வெள்ளையாகப் பொருக்குப் பிடித்திருந்தால் உப்புத் தண்ணீர். அதே கால்சியமும் மெக்னீசியமும் முடியிலும் படிகின்றன. நிறம் போகவில்லை, திரை விழுந்திருக்கிறது. மேலே சொன்ன இடிடிஏ ஷாம்பு மாதம் ஒருமுறை, உடனே நல்ல கண்டிஷனர். ஷவரில் மாட்டும் ஃபில்டர் குளோரினைக் குறைக்கலாம், கால்சியத்தை அது எடுக்காது. தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரம் வேறு, இது வேறு. அந்த வாக்குறுதியை நம்பி வாங்கி ஏமாற வேண்டாம். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் உப்பு நீக்கிய (ஆர்ஓ) தண்ணீரை வைத்துக்கொண்டால் கூடச் செலவில்லாமல் பலன் தெரியும்.

துண்டிலும் தலையணையிலும் கறை

முதல் இரண்டு மூன்று அலசலில் சாதாரணம். அதற்குப் பிறகும் போனால், ஈரக் கற்றை ஒன்றை வெள்ளைத் துணியில் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். துணியில் ஏறும் நிறம் உங்கள் முடியின் நிறமாகவே இருந்தால் பிடிக்காத உபரி, அலசல் போதவில்லை. சிவப்பு, நீலம் போன்ற செமி நிறங்கள் கடைசிவரை கொஞ்சம் விட்டுக்கொண்டேதான் இருக்கும். கறுப்பு உறை வாங்கிக்கொள்ளுங்கள், முடியை ஈரத்தோடு வைத்துப் படுக்காதீர்கள்.

அரிக்கிறது, எரிகிறது, கண் இமை வீங்குகிறது

இதில் நிறத்தைப் பற்றிய பேச்சே கிடையாது. தண்ணீரில் நன்றாக அலசிவிட்டு மருத்துவரிடம் போங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு விடச் சிரமமாக இருந்தாலோ அது அவசரம். பெர்மனென்ட் டைகளில் இருக்கும் பிபிடி என்கிற நிறப்பொருள் ஒருமுறை ஒவ்வாமையைக் கிளப்பினால் அடுத்த முறை இன்னும் பலமாக வரலாம். பத்து வருடம் ஒன்றும் ஆகாதவருக்கும் பதினோராவது வருடம் வரலாம். ‘பிளாக் ஹென்னா’ என்று கையில் வரைகிற கறுப்பில் பிபிடி கலந்திருந்தால், அங்கே தொடங்கிய ஒவ்வாமை தலையில் தெரியும். ஒவ்வொரு முறையும் 48 மணி நேரத்துக்கு முன்னால் தோலில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

எதிலும் அடங்கவில்லை என்றால்

பார்லருக்குப் போகும்போது அந்த நான்கு போட்டோக்களைக் கொண்டுபோங்கள். போன முறை அடித்த எண்ணையும் கேட்டு வாங்குங்கள். 5.3 என்று இருந்தால், புள்ளிக்கு முன்னால் இருப்பது ஆழம், 1 கறுப்பு, 10 மிக வெளிர். புள்ளிக்குப் பின்னால் இருப்பது சாயல், பெரும்பாலான நிறுவனங்களில் 1 என்றால் சாம்பல், 3 என்றால் பொன். எந்த வால்யூம் டெவலப்பர், எத்தனை நிமிடம் வைத்தார்கள் என்பதும் வேண்டும். நடுவில் மருதாணிப் பொடியோ கடையில் வாங்கிய வேறு ஏதாவதோ போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சில பொடிகளில் உலோக உப்பு கலந்திருக்கும். பெராக்சைடு பட்டால் முடி சூடாகி, அறுந்துகூடப் போகும். ஒரு சின்னக் கற்றையை வெட்டி முதலில் சோதித்துப் பார்க்க எங்களுக்கு ஐந்து நிமிடம்தான் ஆகும். நீங்கள் சொன்னால்தான் அதைச் செய்வோம்.